தலைவலிக்குக் காரணம் ஒரு துருப்பிடித்த குழாய்



கிள்ளானில் வசிக்கும் என் தாய்மாமாவிடம் ஒரு பழைய வோக்ஸ்வாகன் கொம்பி வேன் இருக்கிறது. 1970-களில் செய்யப்பட்டது. உள்ளே மடித்து விரிக்கும் படுக்கை, சிறிய அலமாரி, அடுப்பு வைக்க ஒரு மேடை, சன்னலுக்குத் திரைச்சீலை எல்லாம் உண்டு. சக்கரம் வைத்த வீடு என்றே சொல்லலாம்.

கடந்த பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அதில் மோரிப் கடற்கரைக்குப் போனோம். திரும்பும்போது நல்ல மழை. பின்பக்கச் சன்னல்களை இறுக மூடிவிட்டோம். சற்று நேரத்தில் பின்னிருக்கையில் இருந்த பிள்ளைகள் தலை வலிக்கிறது என்றார்கள். அக்காள் மகனுக்குக் குமட்டல் வந்தது. "வெயிலில் ஆடியது ஒத்துக்கொள்ளவில்லை" என்று அத்தை நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டார். எனக்கும் தலை கனத்தது. தன் பக்கத்துச் சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து ஓட்டிய மாமாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் இறங்கி வெளிக்காற்றில் உட்கார்ந்த பிறகு எல்லாருக்கும் மெல்ல மெல்லக் குறைந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே வண்டியில், ஒரே நேரத்தில், பலருக்கு ஒரே மாதிரி தலைவலி. வெளியே வந்ததும் குறைகிறது. இது வெயிலால் வந்ததல்ல. இன்ஜின் புகை உள்ளே வந்திருக்கிறது. அன்றே பிள்ளைகளை மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். நான் காட்டவில்லை. அது என் தவறு. நீங்கள் அந்தத் தவறைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பெட்ரோல் எரிந்தால் என்ன வரும்?

பெட்ரோலில் இருப்பவை ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த சேர்மங்கள். போதிய ஆக்சிஜன் கிடைத்து முழுமையாக எரிந்தால் இரண்டு பொருள்கள்தான் உண்டாகும்: கார்பன் டைஆக்சைடு, நீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. நம்ப முடிகிறதா? அந்த நீர் ஆவியாகப் புகையோடு வெளியேறிவிடுவதால் நாம் அதைக் கவனிப்பதில்லை.

ஆக்சிஜன் போதாமல் எரிந்தால் மூன்றாவதாக ஒன்று வரும். அதுதான் கார்பன் மோனாக்சைடு. கொம்பியைப் போன்ற பழைய வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது கார்புரேட்டர். புதிய வண்டிகளைப் போலக் கணினி அளந்து தருவதில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதும், வண்டி நின்றபடி ஓடும்போதும் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் சேரும். இத்தகைய இன்ஜினின் புகையில் 100-க்கு 1 முதல் 5 பங்கு வரை கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடும்.

குழாய் ஏன் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். புகைக்குழாய்க்குள் இரண்டும் உண்டு. நீண்ட தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்றாகச் சூடேறி, நீராவி முழுவதும் வெளியே போய்விடும். ஆனால் கடைத்தெருவுக்குப் போய் உடனே திரும்பும் வண்டியில் குழாய் போதிய அளவு சூடேறுவதில்லை. நீராவி குளிர்ந்து சைலன்சரின் அடியில் நீராகத் தேங்கும். புகையிலுள்ள நைட்ரஜன், கந்தக ஆக்சைடுகள் அதில் கரைந்து நீர் அமிலமாகும். அமிலம் துருவை விரைவுபடுத்தும்.

மாமாவின் கொம்பி மாதத்தில் பாதி நாள் வீட்டு வாசலிலேயே நிற்கும். "வண்டியை அதிகம் ஓட்டுவதே இல்லை, எப்படிக் கெட்டது?" என்று அவர் கேட்டார். ஓட்டாததும் ஒரு காரணம்தான். கிள்ளானின் ஈரக்காற்று வெளியிலிருந்து அரிக்க, தேங்கிய நீர் உள்ளிருந்து அரித்தது.

கொம்பியின் தனிச்சிக்கல்

கொம்பியின் உற்பத்தி 1950-இல் ஜெர்மனியில் தொடங்கியது. கடைசியாகப் பிரேசிலில் 2013-இல் நின்றது. மாமாவுடையதைப் போன்ற பழைய கொம்பியில், ரேடியேட்டர் இல்லாமல், மின்விசிறி தள்ளும் காற்றாலேயே குளிரும் இன்ஜின் பின்புறத்தில் இருக்கும். ஐரோப்பாவின் குளிருக்கு வண்டிக்குள் சூடு வேண்டுமே? அதற்கு ஒரு சிக்கனமான வழி வைத்தார்கள். சூடான புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகரக்கூடு. விசிறிக் காற்றில் ஒரு பகுதி அந்தக் கூட்டுக்குள் புகுந்து, குழாயின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, வண்டிக்குள் வரும். புகை குழாய்க்குள், நாம் சுவாசிக்கும் காற்று குழாய்க்கு வெளியே. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய இரும்புச் சுவர் மட்டும்.

அந்தச் சுவரில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? புகை காற்றோடு கலந்து நேரே உள்ளே வரும். சூடு வேண்டாத நேரத்தில் இந்தப் பாதையை அடைக்க மூடிகள் உண்டு. மாமாவின் வண்டியில் அவற்றை இழுக்கும் கம்பிகள் எப்போதோ துருப்பிடித்து அறுந்து, மூடிகள் பாதி திறந்தபடி நின்றுவிட்டன.

இன்னொரு வழியும் உண்டு. பெட்டி வடிவ வண்டி வேகமாகப் போகும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, காற்று சுழலும். புகை அந்தச் சுழலில் சிக்கிப் பின்கதவோடு ஒட்டி வரும். பின்கதவின் ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் அதன் வழியாகவும் புகை உள்ளே நுழையும்.

மணமில்லாத நஞ்சு

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு கார்பன் மோனாக்சைடு அதைப் பற்றிக்கொள்ளும். பேருந்தில் எல்லா இருக்கைகளையும் வேறொருவர் பிடித்துக்கொண்டால் உங்களுக்கு இடம் கிடைக்காது அல்லவா? அதுபோல ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போகிறது. மூச்சு வழக்கம்போல வந்து போகும். ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது.

காற்றில் 0.16 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு இருந்தால் 20 நிமிடத்தில் தலைவலியும் குமட்டலும் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போகலாம். ஒரு கணக்குப் போடுவோம். கொம்பியின் உட்பகுதியை ஏறக்குறைய 5,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 0.16 விழுக்காடு என்பது 8 லிட்டர். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் ஐந்தில் அடங்கிவிடும் அளவைவிடச் சற்றே அதிகம். அவ்வளவுதான்!

தூங்குபவருக்குத் தலைவலிகூடத் தெரியாது. 2020-இல் பினாங்கின் பட்டர்வொர்த் வட்டாரத்தில், நிறுத்தி வைத்த காருக்குள் உறங்கிய இளம்பெண்கள் மூவர் இந்த நஞ்சால் இறந்த செய்தி உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். படுத்து உறங்குவதற்காகவே செய்யப்பட்ட வண்டியில் குழாய் ஓட்டையாக இருப்பது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள்.

பட்டறையில் ஒரு சனிக்கிழமை

அடுத்த சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் இரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் கொம்பி நின்றது. மெக்கானிக் ஒரு திருப்புளியால் குழாயைத் தட்டினார். இரண்டாவது தட்டிலேயே அது உள்ளே இறங்கிவிட்டது. "இதை ஒட்டவைக்க முடியாது, சார். முழுசா மாத்தணும்" என்றார்.

முதலில் இன்ஜின் முழுக்கக் குளிரும்வரை காத்திருந்தார். பிறகு சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தினார். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் போகக்கூடாது.

அடுத்த வேலைதான் கடினமானது. ஐம்பது ஆண்டுத் துரு, நட்டையும் போல்ட்டையும் ஒன்றாக இறுக்கியிருந்தது. இன்ஜினின் அந்தப் பகுதி அலுமினியக் கலவை. முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட் உள்ளேயே முறிந்துவிடும். ஆகவே துருவுக்குள் ஊறும் எண்ணெயை முதல் நாளே தெளித்து வைத்திருந்தார். பிறகு நட்டை மட்டும் தீச்சுடரால் சூடாக்கினார். சூடான நட்டு விரிவடையும். அதன் துளையும் பெரிதாகும். உள்ளே இருக்கும் போல்ட் அந்த அளவு சூடாகாததால் அவ்வளவு விரியாது. இடைவெளி உண்டாகித் துருவின் பிடி தளரும். பாட்டி மூடியைத் திறக்க முடியாத ஊறுகாய்ப் போத்தலைச் சுடுநீரில் கவிழ்த்துப் பிடிப்பாரே, அதே அறிவியல்தான்.

பழைய குழாயைக் கழற்றியதும், இணைப்புகளில் ஒட்டியிருந்த கேஸ்கெட் பட்டைகளை ஈரமாக்கியே எடுத்தார். அக்காலத்துக் கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டினால் அதன் தூள் நுரையீரலுக்குள் போகும்.

புதிதாக எதைப் பொருத்துவது? சூடேற்றிக் கூடு நம் நாட்டுக்குத் தேவையில்லை. அதனால் கூடில்லாத வளைந்த குழாய்களைப் பொருத்தி, விசிறியிலிருந்து வண்டிக்குள் வரும் பாதைகளையும் அடைத்துவிட்டார். குழாயும் சைலன்சரும் துருப்பிடிக்கா எஃகு. அதில் 10.5 விழுக்காடாவது குரோமியம் இருக்கும். அது காற்றோடு வினைபுரிந்து குரோமியம் ஆக்சைடு என்னும் மெல்லிய படலத்தை உண்டாக்கி, உள்ளிருக்கும் இரும்பைக் காக்கும். கீறல் விழுந்தாலும் படலம் மீண்டும் தானே உருவாகும். விலை அதிகம்தான். மாமா பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேரம் பேசவில்லை.

எல்லா இணைப்புகளையும் முதலில் கையால் மட்டும் முடுக்கி, குழாய்கள் நேராக உட்கார்ந்த பிறகே ஸ்பேனரால் இறுக்கினார். கடைசியாக இன்ஜினை முடுக்கி, குழாய் சூடேறும் முன்பே இணைப்புகளில் சோப்புநீர் தெளித்தார். கசிவு இருந்தால் குமிழி வரும். ஓரிடத்தில் வந்தது. சரிசெய்து மீண்டும் தெளித்தார். இம்முறை வரவில்லை. "கொஞ்சம் ஓட்டிட்டு, ஆறினதும் திரும்ப இறுக்கணும்" என்றார். ஏன்? ஒரு மீட்டர் எஃகுக் குழாய் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீளும். துருப்பிடிக்கா எஃகு இன்னும் சற்று அதிகம் நீளும். நீண்டு சுருங்கும்போது இணைப்புகள் தளரக்கூடும்.

சைலன்சர் ஓசையை எப்படி அடக்குகிறது?

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, விநாடிக்கு 100 முறை புகை வெடித்து வெளியேறுகிறது. சைலன்சருக்குள் துளையிட்ட குழாய்களும் தடுப்பறைகளும் உள்ளன. ஒலி அலைகள் சுவர்களில் மோதித் திரும்பும். ஓர் அலையின் முகடு இன்னோர் அலையின் அகடோடு சேரும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். அலைகளின் குறுக்கீடு என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். அதனால்தான் குழாய் ஓட்டையானால் வண்டி உறுமுகிறது. திடீரென்று கூடிய சத்தம் ஓர் எச்சரிக்கை.

புதிய குழாய் நஞ்சை நீக்குமா?

நீக்காது. புதிய குழாய் நஞ்சை அழிப்பதில்லை. நம்மிடமிருந்து தள்ளிக் கொண்டுபோய் விடுகிறது. நஞ்சைக் குறைப்பது புதிய கார்களில் உள்ள வினையூக்கி மாற்றி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடாக மாறுகிறது. ஆனால் அதுவும் 250 முதல் 300 டிகிரி வரை சூடேறிய பிறகே நன்றாக வேலை செய்யும். ஆகவே புதிய கார் என்றாலும், மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

• இன்ஜின் ஓடும் வண்டிக்குள் சன்னலை மூடிக்கொண்டு தூங்க வேண்டாம். ஓய்வெடுக்கும்போது இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

• கூடாரத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ கரி அடுப்பு மூட்ட வேண்டாம். அதிலிருந்தும் இதே நஞ்சு வரும்.

• வண்டியில் பலருக்கு ஒன்றாகத் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே நிறுத்தி அனைவரும் வெளியே வாருங்கள். 999-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் தருவார்கள்.

• உறங்கும் வசதியுள்ள வண்டியில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். மாமா இப்போது படுக்கைக்கு அருகில் பொருத்திவிட்டார்.

செய்து பாருங்கள்

நாளைக் காலை அப்பா திறந்தவெளியில் காரை முடுக்கும்போது, தள்ளி நின்று புகைக்குழாயின் நுனியைப் பாருங்கள். நீர் சொட்டுகிறதா? எத்தனை நிமிடம் கழித்து நிற்கிறது? ஏன் நிற்கிறது? விடையைக் குறிப்பேட்டில் எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். கூடவே அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் வண்டியின் புகைக்குழாயைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"