நானூறு பேரும் ஒரு மாவுப் பாத்திரமும்

தொழில் மாநாட்டுக்குப் பணம் கட்டிப் போகிறவர்கள் உரை கேட்க மட்டும் போவதில்லை. சரக்கு வாங்குபவரையோ, முதல் போடுபவரையோ, கூட்டாளியையோ தேடித்தான் பலரும் போகிறார்கள். நானூறு பேரை ஒரே கூடத்தில் விட்டால் தானாகப் பழகிவிடுவார்கள் என்று நடத்துபவர்கள் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இங்ராம், மைக்கேல் மோரிஸ் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒரு மாலை விருந்துக்கு வந்த தொழில்துறையினருக்கு, யார் யாரோடு பேசினார்கள் என்று பதிவு செய்யும் மின்னணு அட்டையை மாட்டிவிட்டார்கள். புதியவர்களைச் சந்திக்கவே வருகிறோம் என்று முன்பே சொன்னவர்கள்கூட, உள்ளே போனதும் தெரிந்த முகங்களிடமே அதிகம் ஒட்டிக்கொண்டார்கள்.

அரிசியையும் உளுந்தையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிவிட்டால் இட்லி மாவு ஆகிவிடுமா? இதுவும் அப்படித்தான்.

முதலில் அளவு. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அளந்து, தனித்தனியே ஊறவைக்கிறோம். மாநாட்டில் அந்த வேலையைப் பதிவுப் படிவம் செய்கிறது. உங்களுக்கு என்ன வேண்டும், உங்களால் என்ன தர முடியும் என்ற இரண்டு கேள்விகள் போதும். விற்பவர் முந்நூறு, வாங்குபவர் இருபது என்றால் அது அப்போதே தெரிந்துவிடும். இன்னும் வாங்குபவர்களை அழைக்க நேரமும் இருக்கும்.

பிறகு அரைப்பது. 'நூல் வேண்டும்' என்பவரையும் 'நூல் விற்கிறேன்' என்பவரையும் மாநாட்டுக்கான செல்போன் செயலி பொருத்திப் பார்க்கிறது. ஒருவர் கேட்டு, மற்றவர் சரி என்றால்தான் நேரமும் மேசை எண்ணும் ஒதுக்கும். இரு தரப்பின் விருப்பத்தையும் வைத்து ஜோடி சேர்க்கும் கணக்கை டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962இலேயே எழுதிவிட்டார்கள். இந்தத் துறை வேலைக்காக ஷாப்லிக்கு 2012இல் ஆல்வின் ராத்துடன் பொருளாதார நோபல் கிடைத்தது.

அடுத்ததுதான் முக்கியம்: கையால் கலப்பது. எவ்வளவு நல்ல கிரைண்டராக இருந்தாலும் கடைசியில் உப்புப் போட்டு, கையை விட்டுக் கலக்கத்தானே வேண்டும்? செயலியை மட்டும் நம்பும் மாநாடுகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. கூடத்தில் இதற்கென்றே சிலர் நிற்க வேண்டும். ஓரமாகச் செல்போனைப் பார்த்து நிற்பவரிடம் போய், "வாங்க சார், இவங்க ஈரோட்டுல சாயப்பட்டறை வச்சிருக்காங்க, நீங்க தேடுற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பத்தி இவங்ககிட்ட கேக்கலாம்" என்று சேர்த்துவிட வேண்டும். வெறும் பெயரைச் சொல்லி விட்டுவிட்டால் இருவரும் வணக்கம் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். முதல் கேள்வியையும் எடுத்துக் கொடுத்தால்தான் பேச்சு பிடிக்கும். கழுத்து அட்டையில் பெயரும் தேவையும் நாலடி தள்ளி நின்றாலும் படிக்கும்படி இருந்தால் சேர்த்துவிடுபவர்களின் வேலை பாதி குறையும்.

அப்புறம் பொங்க விடணும். கலந்த மாவை ராத்திரி முழுக்கத் தொடாமல் வைப்பதுபோல, தேநீர் இடைவேளையை அறிவிப்புகளால் நிரப்பாமல் விட வேண்டும். ஒரே பேச்சில் நாலு பேருக்கு மேல் நிற்பது கடினம் என்கிறார் மானுடவியலாளர் ராபின் டன்பார். ஆகவே நாலு பேர் நின்று பேசும் சின்ன உயர மேசைகளே நல்லது.

மாநாடு நடத்துபவர்களே, அடுத்த முறை நிகழ்ச்சி நிரலில் ஓர் உரையை எடுத்துவிட்டு, அந்த அரை மணியை வந்தவர்களுக்குக் கொடுங்கள்.