எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகச் சிரிக்க ஒரு நாடகம்

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காது கேளாவிட்டால், நாடகம் பார்க்கும்போது அப்பிள்ளை மற்றவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். எல்லோரும் சிரித்து முடிந்த பின்னரே யாராவது விளக்குவர். இந்தத் தனிமையை நாம் சிறிதாக எண்ணலாகாது.

அமெரிக்காவில் 1967இல் தொடங்கப்பட்ட செவிப்புலனற்றோர் தேசிய அரங்கு, அடுத்த ஆண்டிலேயே சிறுவருக்கெனத் தனிக் குழுவொன்றை அமைத்தது. காது கேளாதவரும் கேட்பவரும் ஒரே மேடையில் நடித்தனர். ஒருவர் சைகை மொழியிற் கதை சொல்ல, மற்றவர் அதே வேளையிற் குரல் கொடுத்தார். இப்படி நடித்தால், பகிடி வரும்போது இரு பிள்ளைகளும் ஒன்றாகவே சிரிக்கலாம்.

இதற்குப் பெரிய மண்டபம் தேவையில்லை. நடிப்போரின் முகத்திலும் கைகளிலும் நல்ல வெளிச்சம் விழவேண்டும். காது கேளாத பிள்ளைக்கு முன்வரிசையில் இடம் வேண்டும். சைகை மொழி அறிந்த காது கேளாதவரே பழக்குவதற்கு முன்நிற்க வேண்டும். நாம் நாடகம் போடும்போது இவற்றை முதலிலேயே யோசிப்போம்.