லைன் கிளியர் இல்லாமல் புறப்பட்ட வண்டி

சித்திரை, வைகாசி மாலைகளில் கால்பைசாகி அடிப்பது கொல்கத்தாவாசிகளான நமக்குப் புதிதல்ல. காற்று வீசும், கரண்ட் போகும், சற்று நேரத்தில் திரும்பி வரும். ஆனால் நம் நூலகக் கம்ப்யூட்டரிலுள்ள புத்தகப் பட்டியல் மட்டும் திரும்பி வராது. மற்ற கம்ப்யூட்டர்களிலிருந்து தேடினால் வெறும் திரைதான்.

அது லினக்ஸில் ஓடுகிறது. பட்டியலைத் தரும் சர்வர் நிரலைக் கையால் துவக்கினால் உடனே ஓடும். அடுத்த மின்தடையில் பழைய கதைதான். "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்றார் ஒரு அன்பர். நம் பெண்களும் பிள்ளைகளும் இரண்டு கோடை விடுமுறை உட்கார்ந்து டைப் செய்த பட்டியல் அது. நகல் எடுத்து வைக்கவில்லை. "ஒரு நாள் பொறுங்கள்" என்றேன்.

ரயில்வேயில் பழுது வந்தால் முதலில் ரிஜிஸ்டரைப் பார்ப்போம். லினக்ஸிலும் ரிஜிஸ்டர் உண்டு. 'ஜர்னல்சிடிஎல்' என்ற கட்டளை அதைக் காட்டும். அதற்கு முன், 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையால் அந்தச் சேவை தானாகத் துவங்கும்படி 'எனேபிள்' செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். செய்யப்பட்டிருந்தது. ரிஜிஸ்டரில், கேட்ட முகவரியை ஒதுக்க இயலவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. விஷயம் விளங்கிவிட்டது.

அக்காலத்து லினக்ஸில் சேவைகள் எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் துவங்கும். 2010-இல் வந்த 'சிஸ்டம்டி' பலவற்றை ஒரே சமயத்தில் துவக்குகிறது. வேகம் கூடியது, ஆனால் யாருக்கு யார் காத்திருக்க வேண்டும் என்பதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரும் ரவுட்டரும் சேர்ந்தே எழுகின்றன. எங்கள் ரவுட்டர் மெதுவானது. அது முகவரி கொடுப்பதற்குள் சர்வர் அந்த முகவரியைத் தேடி, காணாமல், நின்றுவிடுகிறது. கையால் துவக்கும்போது முகவரி வந்துவிட்டிருக்கும், அதனால் ஓடுகிறது.

இதில் இரண்டு பெயர்களைப் பிரித்தறிய வேண்டும். 'நெட்ஒர்க்.டார்கெட்' என்றால் ஸ்டேஷன் திறந்துவிட்டது என்று மட்டுமே பொருள். 'நெட்ஒர்க்-ஆன்லைன்.டார்கெட்' என்றால்தான் லைன் கிளியர் கிடைத்தது போல. ஸ்டேஷன் திறந்திருக்கிறது என்பதற்காக யாராவது வண்டியை அனுப்புவார்களா?

ஆகவே 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' மூலம் அந்தச் சேவையின் 'யூனிட்' பகுதியில் 'வான்ட்ஸ்', 'ஆஃப்டர்' இரண்டுக்கும் நேரே இரண்டாவது பெயரை எழுதினேன். 'ஆஃப்டர்' வரிசையை மட்டுமே சொல்லும். 'வான்ட்ஸ்' இருந்தால்தான் அந்தக் காத்திருப்பு துவங்கும். அந்தக் காத்திருப்புக்கும் ஒரு கெடு உண்டு. ரவுட்டர் அதையும் தாண்டினால்? அதற்காக 'சர்வீஸ்' பகுதியில் 'ரீஸ்டார்ட்' என்பதற்கு 'ஆன்-ஃபெய்லியர்' என்றும், 'ரீஸ்டார்ட்செக்' என்பதற்கு 10 என்றும் சேர்த்தேன். இந்தப் பத்து விநாடி முக்கியம். சொல்லாவிட்டால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில் முயலும். 10 விநாடிக்குள் 5 முறை தோற்றால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும்.

பிறகு ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைத்து மூன்று முறை சோதித்தோம். மூன்று முறையும் பட்டியல் தானே வந்தது. அன்றே நகலும் எடுத்தாயிற்று.

வீட்டில் லினக்ஸ் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கையால் துவக்கினால் ஓடுகிற சேவை பெரும்பாலும் கெட்டுப்போனதல்ல, முந்திப் புறப்பட்டது. அழிப்பதற்கு முன் ரிஜிஸ்டரைப் படியுங்கள்.