காரின் பின்பெட்டியில் கிடக்கும் கத்தியும் மாநிலங்களின் புதிய சட்டங்களும்

கோயில் திருவிழாவுக்கு முதல்நாள் வாழை கட்டவும் இளநீர் வெட்டவும் எங்களில் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து கத்தி கொண்டு போவது வழக்கம். வேலை முடிந்ததும் அதைச் சாக்கில் சுற்றிக் காரின் பின்பெட்டிக்குள் போட்டுவிடுவோம், பிறகு மறந்துவிடுவோம். இரண்டு கிழமை கழித்து அதே கார் ஒரு ஷொப்பிங் சென்டர் தரிப்பிடத்தில் நிற்கும். அந்த இடத்தில் பொலிஸார் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று நாங்கள் யோசித்ததில்லை. அவுஸ்திரேலிய மாநிலங்கள் அண்மைய வருடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்த கத்திச் சட்டங்களைப் பார்த்தால் இனி யோசிக்கத்தான் வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த நாட்டில் கத்தியும் துவக்கும் பெரும்பாலும் மாநிலங்களின் விடயம். கன்பராவில் உள்ள மத்திய அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் தெருவில் எதைக் கொண்டு திரியலாம் என்பதை விக்டோரியா ஒரு மாதிரியும் குயீன்ஸ்லாந்து இன்னொரு மாதிரியும் சொல்லும். மெல்பேர்ணில் இருக்கும் அண்ணா சொன்னதை நம்பி சிட்னியில் இருக்கும் தம்பி நடந்தால் பிழைக்கலாம்.

இந்த அலை குயீன்ஸ்லாந்தில் தொடங்கியது. 2019 டிசம்பரில் சேர்ஃபர்ஸ் பரடைஸில் 17 வயதுப் பையன் ஜாக் பீஸ்லி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். அவனுடைய பெற்றோர் நடத்திய இயக்கத்தின் பலன்தான் 'ஜாக் சட்டம்'. பொலிஸார் சந்தேகம் எதுவும் இல்லாமலேயே ஒருவரை நிறுத்தி, கையில் பிடிக்கும் உலோகம் கண்டறியும் கருவியால் தடவிப் பார்க்க அது இடம் கொடுத்தது. 2021இல் கோல்ட் கோஸ்ட்டில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, பிறகு இரவுக் களியாட்டப் பகுதிகளுக்கும் ரயில், பஸ் நிலையங்களுக்கும், பின்னர் ஷொப்பிங் சென்டர்களுக்கும் விரிந்து, 2025இல் நிரந்தரச் சட்டமாகிப் பொது இடங்கள் எல்லாவற்றுக்குமானது.

2024 ஏப்ரல் 13 அன்று சிட்னியின் பொண்டாய் ஜங்ஷன் வணிக வளாகத்தில் ஒருவன் கத்தியால் 6 பேரைக் கொன்றான். சில வாரங்களுக்குள் நியூ சவுத் வேல்ஸும் குயீன்ஸ்லாந்தின் வழியில் சட்டம் இயற்றியது. கத்தி வாங்கக்கூடிய வயதை 16இலிருந்து 18 ஆக உயர்த்தியது. அதற்கு முதல் வருடமே, பொது இடத்தில் காரணமின்றிக் கத்தி வைத்திருப்பதற்கான உச்சத் தண்டனையை 2 வருடத்திலிருந்து 4 வருடமாக அது இரட்டித்திருந்தது. 2025 மே மாதத்தில் மெல்பேர்ண் பிரஸ்டனில் உள்ள நோர்த்லண்ட் வணிக வளாகத்தில் இளைஞர் கூட்டம் நீண்ட கத்திகளோடு மோதிக்கொண்டது. மூன்றாம் நாள் விக்டோரியா 'மஷெட்டி' விற்பனையைத் தடை செய்தது. செப்டெம்பர் 1 முதல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்றானது.

இந்த மஷெட்டி என்பது என்ன? எங்கள் ஊரில் வேலிக்குக் கதியால் வெட்டுகிற கொடுவாக்கத்திக்கும் காட்டுக்கத்திக்கும் நெருங்கிய உறவுக்காரன்தான். வெட்டும் அலகு 20 சென்ரிமீற்றருக்கு மேல் நீண்ட கத்தி என்று விக்டோரியா அரசு பரவலாக வரையறுக்கிறது. சமையலறைப் பாவனைக்கென்றே செய்யப்பட்ட கத்திகள் இதில் அடங்கா. அப்படியென்றால் இலங்கைக் கடையில் வாங்கிக் கராஜுக்குள் வைத்திருக்கும் தேங்காய் உடைக்கிற கத்தி எந்தப் பக்கம்? அலகின் நீளத்தையும் அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் பொறுத்தது. 'இது எங்கட குசினிக் கத்தி' என்று நாங்கள் சொல்வதால் மட்டும் அது குசினிக் கத்தி ஆகிவிடாது. விவசாயத் தேவைக்கும், உண்மையான பாரம்பரிய, பண்பாட்டுத் தேவைக்கும் விதிவிலக்குகள் உண்டு. ஆனால் விதிவிலக்கு தனக்குப் பொருந்தும் என்று காட்ட வேண்டியவர் கத்தியை வைத்திருப்பவர். தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருந்தால் 2 வருடச் சிறை வரை, அல்லது 47,000 டொலருக்கு மேற்பட்ட அபராதம் வரை போகலாம். தண்டனையின்றி ஒப்படைக்கக் கொடுத்த அவகாசம் 2025 நவம்பர் 30உடன் முடிந்துவிட்டது. இன்னும் கராஜில் ஒன்று கிடந்தால் அதைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போகாதீர்கள். முதலில் தொலைபேசியில் கேளுங்கள், அல்லது சட்ட உதவி நிலையம் ஒன்றில் ஆலோசனை பெறுங்கள்.

சாதாரணச் சமையல் கத்திக்கும் வீட்டுக்கு வெளியே சட்டம் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் சட்டம் ஏற்றுக்கொள்ளும் காரணங்களில் தொழில், உணவு தயாரித்தல், விளையாட்டு, உண்மையான சமயத் தேவை ஆகியவை இருக்கின்றன. வாழை கட்டப் போகிற அன்று எங்களிடம் காரணம் இருக்கிறது. இரண்டு கிழமை கழித்து மறதியைத் தவிர வேறு காரணம் இல்லை, மறதி அந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கப்படாத இன்னொன்று இருக்கிறது: தற்பாதுகாப்பு. 'பயத்தில் வைத்திருந்தேன்' என்பது விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் குயீன்ஸ்லாந்திலும் காரணமே அல்ல. சொன்னவர் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டவராகிறார். எங்கள் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அவர்கள் பார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிறது. அது தனிமனிதரின் உரிமை என்று 2008இலும், வீட்டுக்கு வெளியேயும் பொருந்தும் என்று 2022இலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழியில் 2024இல் மசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தியைத் தடுத்த சட்டத்தையே செல்லாதென்றது. டெக்சாஸில் 2017இலிருந்து வயதுவந்தவர் ஐந்தரை அங்குலத்துக்கு மேற்பட்ட கத்தியைக்கூட, பாடசாலை போன்ற குறித்த சில இடங்கள் தவிர, கொண்டு திரியலாம். ஹூஸ்டனில் இருக்கும் மச்சான் பெல்ட்டில் செருகியிருப்பது மெல்பேர்ணில் வழக்காகும்.

அவுஸ்திரேலிய அரசியலமைப்பில் அப்படி ஓர் உரிமை கிடையாது. சிலர் 1689ஆம் ஆண்டின் ஆங்கிலேய உரிமைச் சாசனத்தை இழுத்துப் பேசுவார்கள். அது புரொட்டஸ்தாந்துக் குடிமக்களுக்கு, அதுவும் சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு மட்டும் சொன்னது. சைவர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் அதில் பங்கில்லை! 1996 ஏப்ரலில் தஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், 12 நாட்களில் மத்திய அரசும் மாநிலங்களும் துவக்குக் கட்டுப்பாட்டுக்கு உடன்பட்டன. சுமார் 650,000 துவக்குகள் பணம் கொடுத்துத் திரும்பப் பெறப்பட்டன. துவக்கு வைத்திருக்க உண்மையான காரணம் காட்ட வேண்டும், தற்பாதுகாப்பு அந்தக் காரணம் ஆகாது என்ற விதி அங்கிருந்து வருகிறது. கத்திச் சட்டங்களும் அதே மனப்போக்கில் நிற்கின்றன.

ஆயுதம் குறைவது பற்றி எங்களுக்கு முறைப்பாடு இல்லை. ஆயுதங்கள் நிறைந்த ஊர் எப்படியிருக்கும் என்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2025 செப்டெம்பரில் மெல்பேர்ணின் கொபில்பேங்கில் 12, 15 வயதுப் பிள்ளைகள் இருவர் வெட்டிக் கொல்லப்பட்ட செய்தியை எந்தப் பெற்றோரும் சாதாரணமாகக் கடந்து போயிருக்க முடியாது. எங்களை உறுத்துவது மற்றப் பக்கம்: சந்தேகமில்லாமல் நிறுத்திச் சோதிப்பது. சென்றியில் இறங்கி வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, யாரோ ஒருவனின் தலையசைவுக்குக் காத்திருந்தவர்கள் நாங்கள். ரயில் நிலைய வாசலில் சீருடைக்காரர் கைநீட்டி மறிக்கும்போது எங்களில் சிலருக்கு இன்றைக்கும் தொண்டை வறளும். பதற்றம் குற்ற உணர்வாகத் தெரியக்கூடும். ஜாக் சட்டப் பரீட்சார்த்தத்தை 2022இல் மதிப்பிட்ட கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதைத் தொட்டார்கள்: கூடுதலான கத்திகள் பிடிபட்டன, ஆனால் மக்கள் கத்தி கொண்டு திரிவது குறைந்தது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, சில பொலிஸார் தோற்றத்தைப் பார்த்து ஆட்களைத் தெரிவு செய்வதாகவும் கவலை தெரிவித்தார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் விரிந்தது.

சமூகமாகக் கேள்வி கேட்டால் பலன் இல்லாமலும் இல்லை. குயீன்ஸ்லாந்துப் பாடசாலைகளுக்குள் சமயக் காரணத்துக்காகவும் கத்தி கொண்டு போகக்கூடாது என்ற பிரிவை, கிர்பான் அணியும் சீக்கியப் பெண் ஒருவர் எதிர்த்தார். இனப் பாகுபாட்டுக்கு எதிரான 1975ஆம் ஆண்டு மத்திய சட்டத்துக்கு அது முரணானது என்று 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. சட்டமூலம் மாநிலப் பாராளுமன்றக் குழு முன் இருக்கும்போது எங்கள் கோயில் சபைகளும் சங்கங்களும் எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். நாங்கள் அநேகமாகச் சட்டம் வந்தபின்தான் வட்ஸ்அப்பில் சண்டை பிடிக்கிறோம்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. குடிவரவுச் சட்டத்தின் 501ஆம் பிரிவின்படி 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர் நன்னடத்தைச் சோதனையில் தவறியவர் ஆவார். 2023இல் தற்காலிக விசாவிலிருந்து நிரந்தர விசாவுக்கு மாறியவர்களுக்கும் அது பொருந்தும். இன்னும் பிரிட்ஜிங் ஈ விசாவில் காத்திருக்கும் எங்கள் உறவுகளின் நிலை இதைவிட மெல்லிய நூலில் தொங்குகிறது. குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே, குற்றச்சாட்டுப் பதிவானாலே அந்த விசாவை ரத்துச் செய்ய அதிகாரம் இருக்கிறது. வழக்கு முடிவில் ஒரு சிறு அபராதத்தோடு அயல்வீட்டுக்காரர் வீடு திரும்புவார். இவர் தடுப்பு முகாமிலிருந்து வழக்கைப் பார்க்க வேண்டி வரலாம். கோயிலுக்குக் கத்தி கொண்டு போகும் வேலையை இனிக் குடியுரிமை உள்ளவர்கள் பொறுப்பெடுப்பதே நல்லது. வேலை முடிந்ததும் கத்தி கோயில் மடைப்பள்ளியிலேயே இருக்கட்டும்.

பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் யாராவது வெருட்டினால் வீட்டில் சொல்லு, பைக்குள் எதையும் வைக்காதே என்று வெளிப்படையாகச் சொல்லலாம். பொலிஸார் கருவியோடு வந்தால் நின்று இடம் கொடுக்க வேண்டும், மறுப்பதே குற்றமாகலாம். ஓடக்கூடாது. கருவி சத்தம் போட்டால் கையைப் பைக்குள் விடாமல், உள்ளே என்ன இருக்கிறது என்பதை வாயால் சொல்ல வேண்டும். பெயரும் முகவரியும் கேட்டால் கொடுக்கலாம். அதற்கு மேல் 'ஏன், யாருக்காக' என்று கேள்விகள் நீண்டால், சட்டத்தரணியோடு கதைத்தபின் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். விக்டோரியாவில் 18 வயதுக்குக் குறைந்தவரை முறைப்படி விசாரிக்கும்போது தாயோ தகப்பனோ பாதுகாவலரோ, அவர்கள் கிடைக்காவிட்டால் சுயாதீனமான ஒருவரோ கூட இருக்க வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் போதாதென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். 131 450 என்ற இலக்கத்தில் அழைத்தால் தொலைபேசியிலேயே கிடைப்பார். அந்த இலக்கத்தைப் பிள்ளையின் கைத்தொலைபேசியில் இன்றைக்கே போட்டுவிடுங்கள். பிறகு ஒருக்கால் காரின் பின்பெட்டியையும் திறந்து பாருங்கள்.