கொல்லைக்கொடி – 11: உப்பளத்துக்கு ஓய்வு, கொடிக்கு வேலை

சாகுபுரத்தில் வாசல் பந்தலில் ஒரு பூங்கொடியை ஏற்ற நினைப்பவர், எந்தக் கொடி என்று யோசிப்பதற்கு முன் எந்த மாதம் என்று யோசிக்க வேண்டும். அறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் பக்கத்தில், காஸ்டிக் சோடா ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு அது. ஆலையின் மூலப்பொருளே உப்பு. அக்கம்பக்கமெல்லாம் உப்புப் பாத்திகள். உப்பளக்காரர் வேண்டுவது கொளுத்தும் வெயிலும் வறண்ட காற்றும். தை, மாசி தொடங்கிப் புரட்டாசி வரை அவருக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது. தண்ணீரை ஆவியாக்கி உப்பை மிச்சம் வைக்கும் அந்த வெயில், பாத்தியில் செய்வதையே பூந்தொட்டியிலும் செய்கிறது. சித்திரையில் கொடி வைப்பவர் தொட்டிக்குள் ஒரு சிறிய உப்பளத்தைத் தொடங்கிவைக்கிறார் என்றே சொல்லலாம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி உப்பளம் ஓயும்போதுதான் கொடிக்குக் காலம் பிறக்கிறது.

இதற்கான சாட்சியம் இலையிலேயே இருக்கிறது. தண்ணீர் போதாத கொடி முழுதாகத் துவளும். ஊற்றினால் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும். உப்பு ஏறிய கொடியில் முற்றிய இலையின் நுனிதான் முதலில் பழுப்பாகும். பிறகு அந்தக் கருகல் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். தொட்டியின் வாயோரம் வெள்ளையாகப் பூத்திருக்கும். மண்ணின் ஈரத்தில் உப்பு கூடக்கூட, வேரால் அந்த ஈரத்தை உறிஞ்ச முடிவதில்லை. மண் ஈரமாக இருக்கும்போதே செடிக்குத் தாகம். இதைக் காய்ச்சல் என்று நினைத்துக் காலையும் மாலையும் ஒரு செம்பு போர் தண்ணீர் ஊற்றுவதுதான் ஆகக் கெட்ட வைத்தியம். அது மேல்மண்ணைத் தாண்டி இறங்காமல் ஆவியாகி, தன் உப்பையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகும். அடித்துளை வழியே வழிந்தோடும் வரை நிறைய ஊற்றி, இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுவதே சரி. இலைமேல் அந்தத் தண்ணீரைத் தெளிக்கவே கூடாது.

நல்ல தண்ணீர் கிடைத்தால் எந்த மாதமும் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம்தான். ஆனால் தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தையும் தாண்டிய கடைமடைப் பகுதி இது. கோடையில் குடத்துக்குக் கணக்குப் பார்க்கும் ஊரில், குடிதண்ணீரைப் பந்தலுக்கு ஊற்றுவதை நான் வாதமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு மறுப்பு கனமானது: மழையை நம்பச் சொல்கிறீர்களே, அந்த மழையே கொன்றால்? 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. ஆண்டு முழுதுக்கும் இந்தக் கரைக்குக் கிடைப்பது சராசரியாகச் சுமார் 65 செ.மீ.தான். மழை உப்பைக் கழுவும், உண்மை. கழுவிய தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால் வேரையும் அழுகவைக்கும். ஆகவே குழியில் நடாமல், ஒரு முழ உயரத்துக்கு மணல் கலந்த மேடு போட்டு அதன்மேல் நட வேண்டும். பந்தலுக்கு இரும்புக் கம்பி வேண்டாம். கடற்காற்றில் துருப்பிடித்துத் தண்டை அறுக்கும், பனைநார் போதும்.

இந்தக் கணக்குக்கு மிக நன்றாகப் பொருந்துவது செங்காந்தள். நமது மாநில மலர். கார்த்திகைப்பூ என்ற பெயரிலேயே அதன் பருவம் இருக்கிறது. மழைக்கு முன் புதைத்த கிழங்கு ஈரம் கண்டதும் முளைக்கும். தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு கம்பைப் பிடித்துக்கொள்ளும். பூத்துக் காய்த்து, மாசிக்குள் கொடி காய்ந்துவிடும். உப்பளம் மும்முரமாக ஓடும் மாதங்களில் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். அந்த உறக்கத்தில் தண்ணீர் ஊற்றுபவர் கிழங்கை இழப்பார். ஆண்டு முழுவதும் பச்சை வேண்டும் என்பவருக்குக் காகிதப்பூ இருக்கிறது. பிரேசில் நாட்டுக் கொடியானாலும் உப்புக்காற்றைத் தாங்கும். தண்ணீரைக் குறைத்தால்தான் அதிகம் பூக்கும். நிறமாகத் தெரிவது இதழல்ல, மூன்று பூவடிச் செதில்கள். வெளிறிய மெல்லிய குழல்களாக அவற்றுக்குள் ஒட்டியிருப்பவையே பூக்கள். சங்குப்பூ இடைப்பட்ட ரகம்: விதையை ஓர் இரவு ஊறவைத்து ஐப்பசியில் ஊன்றினால் வேர் ஆழமாக இறங்கி வறட்சியைச் சமாளிக்கும்.

தலையில் வைக்க உதவாத பூ எதற்கு என்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். மணம் இல்லாத பந்தல் பாதிப் பந்தல்தான். முல்லை ஒன்றை மட்டும் தொட்டியில் வைத்து, மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். தொட்டி மண்ணைத் தென்னை நாரால் மூடிவிட்டால் செலவு குறையும். தரையில் வைத்துப் போர் தண்ணீரில் அதை வளர்க்கும் ஆசையை விட்டுவிடலாம். செங்காந்தளுக்கு எதிரான மறுப்புக்கு மட்டும் பதில் சொல்லிச் சமாளிக்க முடியாது. கொல்சிசின் என்ற நஞ்சு அதன் எல்லாப் பாகத்திலும் உண்டு, கிழங்கிலும் விதையிலும் கூடுதலாக. அந்த மருந்துச் சரக்குக்காகவே மூலனூர்ப் பக்கம் விதையெடுக்கப் பயிரிடுகிறார்கள். தவழும் குழந்தையோ ஆடோ இருக்கும் வீட்டில் அது வேண்டாம், காகிதப்பூவே போதும். மற்றவர்கள் கிழங்கைக் கையுறை போட்டுத் தொட்டு, சேனை, வள்ளி பயிரிடும் பாத்தியிலிருந்து தள்ளி, வேலியோரம் அடையாளக் கம்பு நட்டுப் புதைக்கட்டும்.