இரண்டு போகம் காத்திருக்கும் வெங்காயப்பூ

திருகோணமலைச் சந்தையில் கரட், பீற்றூட், லீக்ஸ், கோவா, வெங்காயம் என்று ஒரே பையில் வாங்கி வருகிறோம். இவற்றுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. இவை யாவும் ஈராண்டுத் தாவரங்கள். முதல் ஆண்டில் கிழங்கிலோ குமிழிலோ இலையிலோ உணவைச் சேமிக்கும். ஒரு குளிர்காலத்தைக் கடந்ததும், இரண்டாம் ஆண்டில் அந்தச் சேமிப்பைச் செலவழித்துப் பூத்து, விதை தந்து மடியும். முதல் ஆண்டிலேயே பிடுங்கிச் சமைத்துவிடுவதால் இவற்றின் பூவை எங்களில் பலர் கண்டதில்லை.

எமது கரையோர வெப்பத்தில் கரட்டும் கோவாவும் இலகுவில் பூக்காது. வெங்காயம் அப்படியல்ல. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத் தோட்டங்களில் மார்கழி, தை மாதக் குளிருக்குச் சில வெங்காயங்கள் பூந்தண்டு விடும். இரண்டு ஆண்டு என்பது குளிர்நாட்டுக் கணக்கு. எமக்கு அது சிறுபோகத்தில் குமிழ், பெரும்போகத்தில் பூ என்று இரண்டு போகமாகச் சுருங்கிவிடுகிறது. அந்தத் தண்டுகளை முறித்து வறை செய்கிறோம். சிலவற்றையாவது விட்டுவைக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

ஒரு பூந்தலையில் நூற்றுக்கணக்கான சிறு வெண்பூக்கள் இருக்கும். அவை ஒரே நாளில் விரியாமல் இரண்டு வாரத்துக்கு மேலாக ஒவ்வொன்றாய் விரியும். ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் முதலில் உதிர்ந்துவிடும். சூல்முடி பிறகுதான் பக்குவப்படும். ஆகவே ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். தேனீயும், கொட்டாத கொசுத்தேனீயும், பூக்களில் மொய்க்கும் ஈக்களும் அந்த வேலையைச் செய்கின்றன.

இதன் பலன் வெங்காயத்தோடு நிற்பதில்லை. பூசணியிலும் பாகலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். வளவில் நாள்கணக்கில் தேன் இருந்தால் தேனீ சுற்றிச்சுற்றி வரும். பூ ஈக்கள் சிலவற்றின் புழுக்கள் அழுக்கணவனைத் தின்னும். தாய் ஈக்கு உணவோ பூந்தேன். புழுக்களின் உடலில் முட்டையிடும் சிறு குளவிகளுக்கும் இத்தகைய சின்னப் பூக்களே வசதி. பூவே இல்லாத தோட்டத்தில் பூச்சிகொல்லிச் செலவு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் போரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஈராண்டுத் தாவரத்தின் விதை, இரண்டு போகமும் அதே மண்ணில் இருக்கக் கிடைத்தவருக்கே கிடைக்கும். 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கியது 2015 இல்தான். வெங்காய விதையோ சாதாரண வெப்பத்திலும் ஈரப்பதனிலும் வைத்தால் ஓராண்டுக்குள்ளேயே முளைதிறனை வேகமாக இழக்கும். ஓடும்போது பத்திரமாக முடிந்துகொண்டு போனாலும் ஒன்பது ஆண்டு தாங்காது. வீடு, கிணறு, மாடு என்று இழப்பைக் கணக்கெடுத்தோம். விதையைக் கணக்கெடுத்தவர் குறைவு. திரும்பி வந்தவர்கள் தகரப்பேணியில் வரும் விதையை ஒவ்வொரு போகமும் காசு கொடுத்து வாங்கும் நிலை அப்படித்தான் வந்தது.

மீளத் தொடங்குவதற்குப் பெரிய நிலம் தேவையில்லை. நோயில்லாத, இறுகிய இருபது குமிழ்களைத் தெரிந்து, காற்றோட்டமான நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள். பெரும்போகத்தில் ஒரே இனத்தை ஒரே பாத்தியில் நெருக்கமாக நடுங்கள். இனங்கள் கலந்தால் விதையும் கலந்துவிடும். அடைமழை மகரந்தத்தைக் கழுவிவிடும் என்பதால் மேலே ஒளி புகும் பொலித்தீன் கூரை போடலாம், பக்கங்கள் திறந்திருக்கட்டும். பூத்திருக்கும்போது மருந்து அடிக்க வேண்டாம். பூந்தலையின் உச்சியில் கறுப்பு விதை தெரியத் தொடங்கியதும் தண்டோடு வெட்டி, நிழலில் காயவைத்து, உதிர்த்து, காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள். அடுத்த போகமே நாற்றுப் போடுங்கள்.

எல்லாக் குமிழும் பூக்காது. கடைவிதையில் வந்த கலப்பினமானால் பிள்ளை தாயைப் போல இராது. ஆனாலும் ஐந்து தண்டு பூத்தால் போதும், காலை வெயிலில் பாத்தியடியில் தேனீயின் இரைச்சல் கேட்கும். அந்த விதை பையில் வாங்கியதல்ல, உங்கள் மண்ணில் விளைந்தது.