நம் கையால் தைத்த சீர்

தமிழில் ‘இழை’ என்னும் சொல்லுக்கு நூல் என்றும் பொருள் உண்டு. அணிகலன் என்றும் பொருள் உண்டு. பொன் விளைந்த மண்ணில் வாழும் நமக்கு இச்சொல் தனியே பொருந்துகிறது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்க வேலையை மேற்கொண்டது முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, கோலார் தங்கவயலிலிருந்து ஏறக்குறைய 800 டன் பொன் வெளிவந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடி வந்த நம் முன்னோர், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கி அதனை வெட்டியெடுத்தனர். வெட்டியவர் வீட்டில் தங்கிய பொன் எவ்வளவு என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் திருமணமும் பிள்ளைப்பேறும் பொன் சேரும்வரை காத்திருப்பதில்லை. நிலமும் இல்லை, தோப்பும் இல்லை, ஊரிலிருந்து நெல் மூட்டை வரவும் வழியில்லை என்ற நிலையில், புலம்பெயர்ந்த குடும்பம் உறவுக்கு எதைச் சீராக வைக்கும்? ஒரு கசம் துணி, ஒரு நூற்சிட்டம், ஓர் ஊசி: இவை கூலிக்காரர் வீட்டிலும் கிடைப்பவை. பொன் இழைக்கு வழியில்லாத இடத்தில் நூல் இழை வந்து நின்றது. அவ்வழக்கத்தைப் பற்றியும், அது இன்று நம் கையைவிட்டு நழுவி வருவதைப் பற்றியும் நம் குடும்பங்கள் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம்.

பழமையான கைத்தொழில்

தையல் நமக்குப் பிறர் வந்து கற்பித்த புதுக்கலை அன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது ‘துன்னகாரர்’ என்று தையற்காரரையும் குறிப்பிடுகின்றது. ‘தையல்’ என்ற சொல்லே பெண்ணுக்கும் பெயராக வழங்குகிறது. எனினும் துன்னகாரர் என்போர் ஆடவரும் ஆவர். ஆதலின் ஊசி பெண்மக்களுக்கு மட்டுமே உரியது என்று நம் ஆண்பிள்ளைகள் ஒதுங்கியிருக்க நியாயமில்லை.

மணமக்களுக்கு

திருமண வீட்டிற்குக் கொடுக்கத் தலையணை உறை இரண்டு, மேசை விரிப்பு ஒன்று, டிரங்குப் பெட்டியின் மேல் போடும் மூடுதுணி ஒன்று என்பது பல குடும்பங்களில் இருந்த வழக்கம். பூக்கொடியும் இரு கிளிகளும் மணமக்கள் பெயரும் அவற்றில் இடம்பெறும்.

புதிதாகத் தொடங்கும் சகோதரிகள் சிலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். புதுத்துணியைத் தைப்பதற்கு முன் நனைத்து உலர்த்துதல் கட்டாயம். இல்லையேல் முதற் சலவையில் துணி சுருங்கிப் பூக்கள் சுருண்டுவிடும். சிவப்பு, கருநீலம் முதலிய அடர்ந்த நிற நூலைச் சிறிது வெட்டி, நனைத்த வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துச் சாயம் இறங்குகிறதா என்று அறிந்துகொள்ள வேண்டும். கடையில் விற்கும் பூவேலை நூல் ஆறு இழைகள் சேர்ந்தது. அதை அப்படியே ஊசியிற் கோத்தால் வேலை முரடாகும். மெல்லிய துணிக்கு இரண்டு இழையும், கெட்டித் துணிக்கு மூன்று இழையும் பிரித்துக் கோப்பதே முறை. நூலின் நீளம் முழங்கை அளவு போதும். மிகுந்தால் முறுக்கேறிச் சிக்கும்.

கொடிக்குக் காம்புத் தையலும், இலை ஓரத்திற்குச் சங்கிலித் தையலும் பொருந்தும். பெயர் எழுதுவதற்குக் கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் பெருக்கற்குறித் தையல் எளிது. அதிலும் ஒரு விதி உண்டு: முதற்கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய, மேற்கோடுகள் எல்லாம் மறுபக்கம் சாயவேண்டும். இதைக் காத்தால் பத்து வயதுச் சிறுமி தைத்ததும் பார்வைக்கு நேராக இருக்கும்.

பச்சிளங் குழந்தைக்கு

குழந்தைக்குத் தைப்பது அழகினும் இதம் கருதியதாக இருத்தல் வேண்டும். பிறந்த குழந்தையை முதலில் பழைய வேட்டியிலோ நூற்சேலையிலோ கிடத்துவது நம் பெரியோர் வழக்கம். நெடுநாள் வாழ்ந்த பாட்டியின் சேலை கிடைத்தால் அதையே விரும்பிக் கேட்பர். பல சலவை கண்ட துணி பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும். கஞ்சியும் மிகுந்த சாயமும் அதில் இரா. வாழ்த்தும் அறிவும் ஒன்றுசேர்ந்த வழக்கம் இது.

ஜப்லாவை மெல்லிய மல் துணியில் தைப்பது நல்லது. மடிப்பும் தையல் ஓரமும் உடலில் உறுத்தாதபடி வெளிப்புறம் அமையலாம். முடிச்சிட்டு நூலைத் தொடங்காமல், நுனியைத் தையலுக்குள்ளேயே மறைக்கவேண்டும். கழுத்தருகே நீண்ட நாடா, தளர்ந்த பொத்தான், ஜிகினா, மணி ஆகியவை கூடா. பூவேலை செய்ய விரும்பினால் கீழோரத்தில் சிறிதாகச் செய்தல் போதும்.

ஒட்டுத்துணிப் போர்வையும் சிறந்த பரிசே. ஆனால் ஓராண்டு நிறையாத குழந்தை உறங்கும்போது தளர்ந்த போர்வை முகத்தருகே கிடத்தல் ஆகாது என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். ஆகையால் முதலாண்டில் அதைக் குழந்தை விழித்துப் புரளும்போது தரைவிரிப்பாகவும், பிறகு போர்வையாகவும் பயன்படுத்துமாறு சொல்லிக் கொடுக்கவேண்டும்.

அண்டை அயலாரின் கைவண்ணம்

நாம் வாழும் கன்னட நாட்டிலும், நமது தாயகத்திலும், அப்பாலும் இக்கலை எவ்வாறு உறவோடு பிணைந்திருக்கிறது என்பது அறியத்தக்கது.

தார்வாடு, ஹூப்ளிப் பகுதிகளின் கசூதி வேலை புகழ்பெற்றது. துணியில் படம் எழுதாமல், நெசவின் இழைகளை எண்ணியே அதைத் தைப்பர்; முடிச்சும் இடார். ‘கவந்தி’ என்னும் தையலில் முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலவே தோன்றும். ‘நெய்கி’ என்பதில் நமது ‘நெய்’ என்னும் வினையைக் காண்கிறோம். ‘மெந்தி’ என்பது வெந்தயத்தால் வந்த பெயர். கோபுரம், தேர், யானை, தொட்டில் முதலியவை அதன் கோலங்கள். கசூதி வேலை செய்த ‘சந்திரகாளி’ என்னும் கருஞ்சேலை மணமகளுக்கு உரிய உடையாக வழங்கியது.

நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் வெண்துணியில் சிவப்பும் கறுப்புமாக இழையெண்ணித் தைக்கும் வேலைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் போர்த்தும் ‘பூத்துக்குளி’ வாழ்நாளில் விழாக்காலத்து ஆடையாகவும், இறந்தபின் உடலைச் சுற்றும் துணியாகவும் பயன்படுகிறது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையலிட்டுக் ‘காந்தா’ செய்து, பிறந்த குழந்தைக்கும் மணமக்களுக்கும் அளிப்பர்.

நம் நெஞ்சைத் தொடுவது வட கன்னட மாவட்டத்துச் சித்தியர் வழக்கம். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து மேற்குக் கரைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பழந்துணிகளைப் பொருத்தி, ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச்சுற்றித் தைத்துக் ‘கவந்தி’ என்ற போர்வையை ஆக்குகின்றனர். மேலே சொன்ன கசூதித் தையலின் பெயரை ஒத்திருப்பினும் இது வேறு. நான்கு மூலைகளிலும் மடித்த துணிப்பூ வைத்தாலன்றி அதை முடிந்ததாகக் கொள்ளார். குழந்தைகளுக்கெனச் சிறிய கவந்தியும் உண்டு. வேற்று நிலத்தில் வேரூன்றிய மக்கள் கையிலிருந்த கந்தலைக்கொண்டே தம் அடையாளத்தை வகுத்துக்கொண்டனர். நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

இன்றைய நிலை

சுரங்கம் மூடியபின் நம் பிள்ளைகள் பெங்களூரை நம்பினர். விடியுமுன் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊர்காமிலும் இரயிலேறி, இருட்டியபின் திரும்புவோர் எத்தனையோ பேர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் பலரை நாம் அறிவோம். அங்கே ஒருத்தி நாள் முழுவதும் காலரை மட்டும் தைப்பாள். மற்றொருத்தி கைப்பட்டியை மட்டும் பொருத்துவாள். முழுச் சட்டையையும் எவரும் தைப்பதில்லை. அதை அணியப்போகிறவர் யார் என்பதும் தெரியாது. அவள் அக்காள் மகளுக்கு வளைகாப்பு என்றால் இரயில் நிலையத்தருகே ஏதேனும் ஒன்றை வாங்கி வருகிறாள். அவளைக் குறைகூற நமக்கு மனமில்லை. பகலெல்லாம் பிறருக்குத் தைத்துக் களைத்த கை, இரவில் தன்னவர்க்குத் தைக்க எழவில்லை, அவ்வளவே. ஆயினும் ஆயிரம் பேருக்குத் தைக்கத் தெரிந்த கை தன் வீட்டுத் தொட்டிலுக்கு ஒரு துணி தைக்காமற் போவது நமக்கு இழப்புத்தான்.

இதனோடு மற்றொன்றையும் சொல்லவேண்டும். வீட்டிலிருந்தே பூவேலை செய்து பிழைக்கும் சகோதரிகள் நம்மிடையே உள்ளனர். பரிசுக்கென்று அவர்களிடம் தைக்கக் கொடுப்போர், “இரண்டு பூத்தானே” என்று பேரம் பேசுகின்றனர். பெயரும் கொடியும் உள்ள ஓர் இணைத் தலையணை உறைக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் வீதம் மூன்று வாரம் ஆகுமெனக் கொள்வோம். அது 21 மணி நேர உழைப்பு. நூல்விலையைச் சேர்த்து அதற்குத் தக்க கூலி கொடுக்காமல் வாங்கிய பரிசு எத்தனை அழகாயிருந்தாலும் அன்பளிப்பு ஆகுமா? 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோயிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேசு பின்னக் கற்பித்தார். அவர் மகளும் கால்டுவெல் துணைவியாருமான எலிசா அம்மையார் இடையன்குடியில் அதைப் பரப்பினார். அந்த லேசு விலைபோனதனால் ஏழைப் பெண்கள் தம் கையால் பொருளீட்டினர். கைவேலைக்கு விலை உண்டு என்பதை நம் தமிழ்ப் பெண்கள் அன்றே காட்டிவிட்டனர். கீழாழத்தில் உழைத்தவரின் கூலி குறைந்ததற்கு வருந்திய நாம், நம் தெருவில் தைப்பவளின் கூலியைக் குறைக்கலாகாது.

நாம் செய்யத்தக்கவை

பெரிய திட்டம் எதுவும் வேண்டுவதில்லை. ஞாயிறுதோறும் அரை மணி நேரம் வீட்டிலுள்ள மூதாட்டி அருகில் பிள்ளைகளை அமர்த்தி, ஆண் பெண் வேறுபாடின்றி நான்கு தையல்களேனும் கற்பிக்கலாம்: ஓட்டுத் தையல், சங்கிலி, காம்பு, பெருக்கற்குறி. பாட்டிமார் பெட்டியிலுள்ள பழைய உறைகளையும் விரிப்புகளையும் வெளியே எடுத்து, அவற்றின் கோலங்களைக் கட்டத்தாளில் படியெடுத்து வைக்கலாம். அவர்களுக்குப் பின் அக்கோலங்களைச் சொல்ல வேறு ஆள் இல்லை. பெங்களூரில் வேலைக்குச் செல்லும் மகளுக்கு நேரமில்லையெனில், குழந்தையின் விரிப்பை நால்வர் பகிர்ந்து தைக்கலாம்; ஆளுக்கு ஒரு மூலை என்றால் பாரமும் குறையும், உறவும் கூடும்.

நண்பருக்குக் கொடுக்கும் கைக்குட்டையானாலும் அதன் ஓரத்தில் தைத்தவர் பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் ஊரின் பெயரும் பொறித்தல் நன்று. நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பரவிவிட்டனர். எங்கோ ஓர் ஊரில் ஒரு பேரக்குழந்தை அந்த எழுத்தைத் தடவி, “தங்கவயல் என்பது எங்கே?” என்று கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்ல ஒரு தாய் அங்கிருப்பாள். இங்கிருந்து போன பொன்னில் நம் பெயர் பொறிக்கப்படவில்லை. நாம் தைத்துக் கொடுக்கும் துணியிலாவது அது நிற்கட்டும்.